பேச்சு வட்டங்களை உலகத்தோடு கோப்பது எப்படி? கோத்தகிரியில் நாங்கள் போட்ட கணக்கு

போன மாதம் இரண்டாவது ஞாயிறு. வெளியே விடாத தூறல், உள்ளே எங்கள் பேச்சு வட்டத்தின் 11 பேர், நடுவில் ஒரு தட்டு வர்க்கி. பேச்சு முடிந்து எல்லோரும் குடையைத் தேடும் நேரத்தில் எங்கள் வார்டு மெம்பர் அக்கா கேட்டார்: "கூடலூர்ல ஆரம்பிச்சாச்சு, இலங்கையில ஹட்டன்ல ஆரம்பிச்சாச்சு, டொரோண்டோவுல இருக்கிற என் நாத்தனார் பொண்ணு தானும் ஆரம்பிக்கிறேங்கிறா. இதுக்கெல்லாம் ஒரு பேரு, ஒரு ஒழுங்கு வேண்டாமா?" யாரிடமும் பதில் இல்லை. சார்தான் ரிட்டயர் ஆகிவிட்டார், வீட்டில் இன்டர்நெட்டும் இருக்கிறது, அவரே விசாரித்துச் சொல்லட்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். விசாரித்தேன். ஒரு மாதம் படித்ததும் நாலு பேரிடம் கேட்டதும் இங்கே.

முதலில் எங்கள் வட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒப்பிடப் பிடிமானம் இருக்காது. மூன்று வருடமாகக் கூடுகிறோம். வார்டு மெம்பர் அக்கா, மகளிர் குழு ஊக்குநர்கள் இரண்டு பேர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒரு படுக அண்ணன், ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவர், சர்ச்சில் இளைஞர் குழு நடத்தும் தம்பி, எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவர், இன்னும் சிலர், அப்புறம் நான். வயதிலும் சாதியிலும் கட்சியிலும் ஒட்டாத கூட்டம். ஒரே ஒற்றுமை, ஒவ்வொருவரும் இன்னும் பத்து இருபது பேருக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறோம். தலைமை என்றால் எங்களுக்கு அவ்வளவுதான். மேடையும் மாலையும் இருக்கிற தலைமையைப் பற்றிப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மாதம் ஒரு கேள்வி. ஒவ்வொருவருக்கும் 4 நிமிடம். குறுக்கே பேசக் கூடாது, ஆலோசனை சொல்லவே கூடாது (தமிழனுக்கு இதுதான் பெரிய தவம்). ஒரு சுற்று வந்த பிறகுதான் பொதுப் பேச்சு. இதுவரை வந்ததில் எல்லோரையும் உலுக்கிய கேள்வி, "உங்களை நம்பி இருப்பவர்களிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொன்னீர்கள்?" என்பது. பச்சைத் தேயிலை விலை இறங்கிக் கிடந்த சமயத்தில், பறிக்க வரும் பெண்களிடம் இந்த வாரக் கூலி அடுத்த வாரம்தான் என்று சொல்லப் போய், சொல்ல வாய் வராமல் தோட்டத்தையே இரண்டு தடவை சுற்றி வந்த கதையை அந்த அண்ணன் சொன்னார். அடுத்தவர் முறை வந்தும் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு ஊக்குநர் அக்கா சொன்னார், அன்றைக்குக் கேட்டதை வைத்துத்தான் லோன் கிடைக்காத விஷயத்தைத் தன் குழுவில் ஒளிக்காமல் உடைத்துச் சொன்னாராம். எங்கள் வட்டத்தின் லாப நஷ்டக் கணக்கு இந்த மாதிரி விஷயங்களில்தான் இருக்கிறது. நாலரை மணிக்கு முடித்துவிடுவோம். குன்னூர் பஸ் ஒரு காரணம், இருட்டினால் தேயிலைக்குள்ளிருந்து ரோட்டுக்கு இறங்கும் கரடி இன்னொரு காரணம்.

ஹட்டன் வட்டம் சொந்தபந்தம் வழியாக முளைத்தது. எங்களில் ஒருவர் தாயகம் திரும்பியோர் குடும்பம். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கண்டிச்சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர்களில் நிறையப் பேருக்கு அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டங்களில் வேலை கொடுத்து இங்கே குடியமர்த்தினார்கள். இவருடைய அப்பா வந்தார், சித்தி வரவில்லை. அந்தச் சித்தியின் மகள் ஹட்டனில் டீச்சர். போனில் கதை கேட்டுக் கேட்டு அங்கே ஆரம்பித்துவிட்டார். கென்யாவில் கெரிச்சோ பக்கம் டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனும் அங்குள்ள சிறு விவசாயிகளோடு உட்காரப் பார்க்கிறான். ஆக கோத்தகிரி, கூடலூர், ஹட்டன், கெரிச்சோ, டொரோண்டோ. இதை உலக வலைப்பின்னல் என்று சொன்னால் சிரிப்பு வரும்தான். ஆனாலும் ஐந்து புள்ளி வைத்துவிட்டோம், கோலத்தை எப்படி இழுப்பது என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

எந்த வழியைப் பார்த்தாலும் மூன்றே விஷயம் கேட்டேன். பணம் எங்கிருந்து எங்கே போகிறது? அறைக்குள் பேசியது அறைக்குள் நிற்குமா? ஆரம்பித்தவர் நாளைக்கு இல்லை என்றாலும் நடக்குமா? மூன்றும் பட்டுத் தெரிந்துகொண்டது. இந்த வட்டத்துக்கு முன்னால் இதே ஊரில் இன்னொன்று இருந்தது. வெளியிலிருந்து வந்த ஓர் அமைப்பு நிதி கொடுத்தது, மதியச் சாப்பாடு, பஸ் காசு எல்லாம் உண்டு. பதிலுக்கு வருகைப் பதிவில் கையெழுத்து, பேனர் முன்னால் போட்டோ, மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை. கொஞ்ச நாளில் பேச்சே அறிக்கைக்குத் தகுந்த மாதிரி மாறிவிட்டது, "என்னிடம் தன்னம்பிக்கை வளர்ந்தது" என்று ஆளாளுக்கு ஒப்பித்தார்கள். இரண்டாம் வருடம் நிதி நின்றது, அடுத்த கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தோம். அதில் ஒருவர் சாப்பாடு உண்டு என்று நினைத்து வந்தவர்.

இரண்டாவது அடி இந்த வட்டத்திலேயே பட்டது. ஒரு பெண் தன் பதவிக்கு வீட்டு ஆண்கள் எப்படிக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று மனம் விட்டுப் பேசினார். நல்ல பேச்சு, பத்துப் பேர் கேட்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் ஒருவர் போனில் பதிவு செய்து ஒரே ஒருவருக்கு அனுப்பினார். மறுநாள் காலையில் அது அந்தப் பெண்ணுடைய மாமனார் போனில் ஓடியது. அந்தப் பெண் திரும்பி வர ஏழு மாதம் ஆனது. அதற்குப் பிறகு உள்ளே வருபவர்கள் போனை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டு உட்காருவது வழக்கம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் சொன்னது, ஏற்கெனவே உலகம் முழுக்க இருக்கிற ஒரு கிளப்பில் சேர்ந்துவிடுங்கள் என்பது. டோஸ்ட்மாஸ்டர்ஸ், ரோட்டரி மாதிரி. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. டோஸ்ட்மாஸ்டர்ஸின் முதல் கிளப்பை 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில், ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கினார். நூறு வருடம் தாண்டியும் அதே அச்சில் ஓடுகிறது என்றால் அச்சில் ஏதோ இருக்கிறது. ஒருவர் நேரம் பார்ப்பார், பச்சை மஞ்சள் சிவப்பு காட்டுவார். இன்னொருவர் பேசுகிறவர் எத்தனை தடவை "ஆ... ம்..." என்று இழுத்தார் என்று எண்ணுவார். வேலை எல்லாம் சுழற்சியில் வரும், ஆகவே யாரும் நிரந்தரத் தலைவர் ஆக முடியாது. தமிழில் நடக்கும் கிளப்புகளும் உண்டு. நாங்கள் 4 நிமிடத்துக்கு மஞ்சள் அட்டை காட்டுவது அங்கிருந்து சுட்டதுதான். ரோட்டரி இன்னும் பழசு, 1905 சிகாகோ, பால் ஹாரிஸ். உறுப்பினர்களின் ஆபீஸ்களில் மாறி மாறிக் கூடியதால்தான் அந்தப் பெயரே வந்தது.

ஆனால் எங்கள் மூன்று கேள்விகளைப் போட்டுப் பார்த்தால் முதலாவதிலேயே இடறுகிறது. டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் தொடங்க 20 பேர் வேண்டும், ஒவ்வொருவரும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாலர் கணக்கில் சந்தா கட்ட வேண்டும். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருப்பவருக்கு அது ஒரு ஹோட்டல் சாப்பாட்டுச் செலவு. நாள் கூலிக்குக் கொழுந்து பறிக்கும் வீட்டிலிருந்து வரும் ஊக்குநர் அக்காவிடம் நான் அதைக் கேட்க மாட்டேன், அவருக்காக இன்னொருவர் கட்டுவதையும் விரும்ப மாட்டேன், ஏனென்றால் கட்டியவர் பேச்சுக்கு அறையில் கொஞ்சம் கனம் கூடிவிடும். இன்னொன்று, அங்கே பயிற்சி பேசுவதற்கு. பேச்சை மதிப்பிடுவார்கள், கைதட்டுவார்கள், அது நல்ல பயிற்சி, எங்கள் இளைஞர் குழுத் தம்பி போய்க் கற்றுக்கொண்டால் சந்தோஷப்படுவேன். எங்கள் அண்ணன் தோட்டத்தைச் சுற்றி வந்த கதையில் எத்தனை "ம்" வந்தது என்று யாராவது எண்ணியிருந்தால் அவர் பாதியில் எழுந்து போயிருப்பார்.

உரிமம் வாங்கும் வழியையும் பார்த்தேன். 2009இல் தொடங்கிய டெட்எக்ஸ் என்ற மேடைப் பேச்சு நிகழ்ச்சி அந்த வகை. உரிமம் இலவசம், விண்ணப்பித்து வாங்க வேண்டும், விதிமுறைப் பட்டியல் நீளம், முதல் தடவைக்காரர்கள் 100 பேருக்கு மேல் கூட்ட முடியாது, பேச்சுகளைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். கடைசி வரியிலேயே எங்கள் பிளாஸ்டிக் கூடை ஞாபகம் வந்துவிட்டது. மேடைக்கு அது சரி, வட்டத்துக்கு ஆகாது. அடுத்தது.

ஜூமில் எல்லோரும் ஒன்றாக உட்காரலாமே என்று டொரோண்டோ பெண் கேட்டாள். கணக்குப் போட்டுக் காட்டினேன்: ஐந்து வட்டம், வட்டத்துக்கு 12 பேர், ஆளுக்கு 4 நிமிடம், மொத்தம் நான்கு மணி நேரம். காசில்லாத ஜூம் 40 நிமிடத்தில் அணைந்துவிடும். எங்களுக்கு ஞாயிறு மதியம் 3 மணி என்றால் கெரிச்சோவில் பன்னிரண்டரை, டொரோண்டோவில் விடியாத ஐந்தரை. ஹட்டனுக்கும் நமக்கும் மட்டும் ஒரே மணி. நேரத்தை எப்படியாவது சரிக்கட்டினாலும், திரையில் 60 சின்னச் சின்னக் கட்டத்துக்கு முன்னால் மாமனார் கதையைப் பேச முடியாது. வருடத்துக்கு ஒரு தடவை முகம் பார்த்து நலம் விசாரிக்க ஜூம் போதும்.

எங்களில் பெரும்பாலோர் சாய்ந்தது கூட்டமைப்புப் பக்கம். காரணம் புரிகிறது, அது கையில் பழகிய வடிவம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி, இன்றைக்கு எந்த ஹட்டிக்கு (படுகர் ஊர்), தோட்டத் தொழிலாளர்களின் எந்த லைன் வீட்டுக்குப் போனாலும் ஒரு குழு இருக்கிற அளவுக்கு வந்துவிட்டன. 12 முதல் 20 பேர் ஒரு குழு, ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். குழுக்கள் சேர்ந்து ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, அதற்கு மேல் இன்னும் படிகள். எங்கள் ஊக்குநர் அக்கா ஐந்து நிமிடத்தில் பேப்பரில் படம் போட்டுவிட்டார்: கோத்தகிரியிலிருந்து இரண்டு பேர், ஹட்டனிலிருந்து இரண்டு பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒரு மேல் கமிட்டி.

படுக அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார். இது எங்களிடம் பல தலைமுறையாக இருக்கிறதே என்றார். ஹட்டிக்கு ஒரு கவுடர் (ஊர்த் தலைவர்), ஹட்டிகள் சேர்ந்தால் சீமை, தொதநாடு, பொறங்காடு, மேற்குநாடு, குந்தை என்று நான்கு சீமையும் சேர்ந்தால் நாக்குபெட்டா. ரோடும் போனும் இல்லாத காலத்திலேயே மலை விட்டு மலை சேதி போய், ஒரு முடிவுக்கு எல்லா ஊரும் கட்டுப்பட்டது. அதன் பலத்தை அவர் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அப்புறம் அவரே சொன்னார், "எங்க ஊர்க்கூட்டத்துல எங்கம்மா எழுந்து பேசி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை." படி என்று ஒன்று வந்தால் மேல்படியில் யார் உட்காருவது என்ற கேள்வியும் வந்துவிடும், அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே கீழே இருக்கிறவர்கள் களைத்துப்போவார்கள். இது எந்தச் சமூகத்துக்கும் பொருந்தும், எங்கள் ஆசிரியர் சங்கத்தில் நான் 20 வருடம் பார்த்ததும் இதுதான்.

மகளிர் குழுவுக்கு அந்தப் படிகள் அவசியம், ஏனென்றால் அங்கே சேமிப்பு இருக்கிறது, கடன் இருக்கிறது, வங்கி இருக்கிறது. பணம் ஏறி இறங்கப் படி வேண்டும், கணக்கு நோட்டு வேண்டும், தணிக்கை வேண்டும். எங்களிடம் இருப்பது வர்க்கிக் காசு. ஆளுக்கு 20 ரூபாய் போட்டு அன்றைக்கே சாப்பிட்டுத் தீர்த்துவிடுகிறோம்.

இருந்தாலும் பதிவு செய்தால் என்ன ஆகும் என்று கடைசி வரை விசாரித்தேன். 1975ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதிவு செய்யலாம். நிர்வாகிகள், வருடாந்திரப் பொதுக்குழு, கணக்குத் தாக்கல் எல்லாம் பின்னாலேயே வரும். அது பரவாயில்லை, செய்கிறவர்கள் செய்கிறார்கள். சிக்கல் டொரோண்டோவிலிருந்து வருகிறது. அந்தப் பெண் கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டவள். அவள் ஆசையாக 50 டாலர் அனுப்பினாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நன்கொடை, 2010ஆம் வருட ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் போய்விடும். பதிவு பெற வேண்டுமானால் சங்கம் மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்ச ரூபாயாவது தன் நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் வந்து இறங்க டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் பிரதானக் கிளையில் கணக்கும் வேண்டும். 15 லட்சத்துக்கு வர்க்கி வாங்கினால் கோத்தகிரி மொத்தமும் சேர்ந்தாலும் தின்று தீராது. முன் அனுமதி என்று வேறு ஒரு வழி இருக்கிறது. ஒரு தட்டு வர்க்கிக்காக அந்த வழியில் நடக்க எனக்குத் தெம்பில்லை. உலக அமைப்பு வேண்டும், பொதுப் பணம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று நான் முடிவுக்கு வந்தது இந்த இடத்தில்தான்.

மிச்சம் இருந்தது நான் கடைசியாகப் பார்த்த வழி, நேரம் அதிகம் செலவழித்ததும் அதில்தான். மையம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பெயரை யாரும் எடுத்துக்கொள்ளலாம், சில விதிகளை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதில் மூத்த உதாரணம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடியிலிருந்து மீள நினைத்த பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் 1935இல் ஒஹையோ மாநிலத்தின் அக்ரனில் தொடங்கியது. நம் ஊர்களிலும் கூடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் அதன் விதி. ஆரம்ப வருடங்களில் ஒவ்வொரு குழுவும் யாரைச் சேர்க்கக் கூடாது என்று ஆளுக்கொரு விதி போட்டு வைத்திருந்தது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் தொகுத்துப் பார்த்தபோது, அத்தனையையும் கடைப்பிடித்தால் உலகத்தில் ஒருவர்கூடச் சேர முடியாது என்று தெரிந்ததாம். அதற்குப் பிறகுதான் பன்னிரண்டு மரபுகளை எழுதினார்கள், 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். அவற்றில் மூன்று எங்களுக்கு அப்படியே பொருந்தும். ஒவ்வொரு குழுவும் தன் விஷயத்தில் தானே முடிவெடுக்கும். வெளிப்பணம் வாங்காது, தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். பொறுப்பில் இருப்பவர்கள் நம்பி அமர்த்தப்பட்ட ஊழியர்கள், ஆள்பவர்கள் இல்லை.

(இடையில் ஒன்று. சுவீடனில் லுண்ட் நகரத்தில் 1902இல் ஆஸ்கர் ஓல்சன் ஆரம்பித்த படிப்பு வட்டங்கள்தான் அந்த நாட்டில் சாதாரண ஜனங்கள் வட்டமாக உட்கார்ந்து பேசிப் படிக்கும் வழக்கத்துக்கு விதை. அவரும் மதுவிலக்கு இயக்கத்துக்காரர். டோஸ்ட்மாஸ்டர் என்பதோ விருந்தில் மதுக்கோப்பையை உயர்த்தச் சொல்லி அழைப்பவருக்குப் பெயர். குடியை விட்டவர்கள் காது கொடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள், கோப்பையை உயர்த்தியவர்கள் பேசக் கற்றுக்கொடுத்தார்கள் என்று எங்கள் வட்டத்தில் சொன்னேன், ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.)

இன்னொரு உதாரணம் புதுசு. டெத் கஃபே. சாவைப் பற்றிப் பேச டீயும் கேக்குமாகக் கூடுவது. 2011இல் லண்டனில் ஜான் அண்டர்வுட் தன் வீட்டில் ஆரம்பித்தார். லாபம் கூடாது, யாரையும் ஒரு முடிவை நோக்கித் தள்ளக் கூடாது, இந்த மாதிரி சில நெறிகளை ஒப்புக்கொண்டால் எந்த ஊர்க்காரரும் அந்தப் பெயரில் நடத்தலாம், சந்தா கிடையாது, கிளை கிடையாது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. 2017இல் அண்டர்வுட் திடீரென்று இறந்துபோனார். அம்மாவும் உடன்பிறந்தவரும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள், கூட்டங்கள் ஊர் ஊராக நடந்துகொண்டே இருக்கின்றன. ஆரம்பித்தவர் இல்லாமல் நடக்குமா என்ற என் மூன்றாவது கேள்விக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வைக்க முடியாது.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை. தப்பாக நடத்துகிறவரைத் தடுக்க நம்மிடம் கோல் கிடையாது. உள்ளாட்சித் தேர்தல் வரும்போது எந்த ஊரிலாவது ஒருவர் வட்டத்தின் பெயரில் நோட்டீஸ் அடித்தால் என்ன செய்வது என்று வார்டு மெம்பர் அக்காவே கேட்டார் (அவருக்கே அந்தச் சபலம் வரலாம் என்றும் சொன்னார், அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கும்). செய்ய முடிந்தது ஒன்றுதான், பட்டியலிலிருந்து அந்த ஊரை எடுத்துவிடுவது. போதாது என்பவர்களுக்கு, கூட்டமைப்பு வைத்திருப்பவர்களால் மட்டும் தடுக்க முடிந்ததா என்று திருப்பிக் கேட்பேன். அதைவிடப் பெரிய குறை பயிற்சி. கிளப்பில் சேர்ந்தால் கைப்பிடித்துக் கற்றுத் தருவார்கள். இங்கே புது ஊரில் ஆரம்பிப்பவர் தட்டுத் தடுமாறித்தான் கற்க வேண்டும். ஹட்டனில் முதல் இரண்டு கூட்டம் பட்டிமன்றமாகிவிட்டது என்று அந்த டீச்சர் சொன்னார்.

அதனால் இந்த வழியில் ஒரு ஒட்டு போட்டிருக்கிறோம். ஒவ்வொரு வட்டத்துக்கும் இன்னொரு வட்டம் ஒரு வருடத்துக்கு ஜோடி. கோத்தகிரிக்கு ஹட்டன், கூடலூருக்கு கெரிச்சோ. டொரோண்டோ புதுசு, ஆகவே அது எங்களோடு கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒருவர் மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் போனில் பேசுவார், கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று பேசக் கூடாது, எப்படி நடந்தது என்று மட்டும் பேசலாம். ஜோடி வட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று அரை மணி நேரம் மண்டையைக் குழப்பினோம், ஹட்டன் டீச்சர் போனிலேயே "சம்பந்தி என்று சொல்லுங்களேன் அண்ணே" என்றார். சம்பந்தி நிலைத்துவிட்டது. சம்பந்திக்கு மரியாதை கொடுக்க வேண்டும், அவர்கள் வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது, வேறென்ன விதி வேண்டும்?

வட்டங்களுக்கு இடையில் எது போய் வர வேண்டும் என்பதில்தான் நான் பிடிவாதமாக நின்றேன். ஆள் போக வேண்டாம், வீடியோ போக வேண்டாம், கதை போகவே வேண்டாம். கேள்வி மட்டும் போகட்டும். ஒவ்வொரு மாதமும் ஒரு ஊர் கேள்வி போடும், அதே கேள்வியை ஐந்து ஊரும் தங்கள் அறையில், தங்கள் பாஷையில் பேசும். பதில் அந்தந்த ஊரிலேயே தங்கிவிடும். இதில் நான் எதிர்பார்க்காத ஒரு சௌகரியம் மொழி. கெரிச்சோ பையன் ஒற்றை வரியை ஸ்வாஹிலிக்கு மாற்றினால் போதும், நான்கு மணி நேரப் பேச்சை மாற்ற வேண்டியதில்லை. எடையும் ஊருக்கு ஊர் மாறும். கென்யாவில் கே.டி.டி.ஏ. என்ற அமைப்பின் கீழ் சுமார் 6 லட்சம் சிறு விவசாயிகள் இருக்கிறார்கள், தங்கள் ஃபேக்டரியின் இயக்குநர்களை ஓட்டுப் போட்டு அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கெட்ட செய்தியைச் சொல்கிற கேள்வி அங்கே போனால், விலை குறைந்ததைச் சொல்ல வேண்டியவர் ஓட்டு வாங்கி வந்த இயக்குநர். இங்கே எங்கள் அண்ணன் தனி ஆள். அதே கேள்விதான், வேறு வேறு வலி.

பெயர் விஷயத்தில் ஒரு கூத்து நடந்தது. 'கோத்தகிரி வட்டம்' என்று போஸ்டர் எழுதிப் பார்த்தோம், தாலுகா ஆபீஸ் போர்டு மாதிரி இருந்தது, பட்டா மாறுதலுக்கு ஆள் வந்துவிடும் என்று தம்பி சொன்னான். கடைசியில் 'கேள்வி வட்டம்'. கேள்வி என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் காதால் கேட்பது என்றே பொருள், இரண்டும் ஒரே சொல்லில் கிடைத்தது எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம். பெயர் இலவசம். விதிகள் ஒரு பக்கத்துக்குள்: பணம் கூடாது, பேச்சைப் போனில் பதிவு செய்யக் கூடாது, ஆலோசனை கூடாது, தேர்தலில் பெயரைப் பயன்படுத்தக் கூடாது, நடத்துபவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மாற வேண்டும், 14 பேருக்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரிய வேண்டும். கடைசி விதியை மட்டும் மூன்று பேர் எதிர்த்தார்கள், கூட்டம் பெருகினால் நல்லதுதானே என்று. 14 பேரை 4 நிமிடத்தால் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது, அதற்கு மேல் குன்னூர் பஸ் நிற்காது.

எல்லா வட்டக்காரர்களும் என்றாவது நேரில் கூடினால் அதற்கு வேர்ல்ட் கஃபே முறையை வைத்துக்கொள்ளலாம் என்று மனதில் குறித்திருக்கிறேன். 1995இல் கலிபோர்னியாவில் ஹுவனிட்டா பிரவுன், டேவிட் ஐசக்ஸ் வீட்டில், மழையால் கூட்டம் தொடங்கத் தாமதமாகி, வந்தவர்கள் சின்ன மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்து மேஜை மேல் விரித்த காகிதத்திலேயே எழுதி ஆரம்பித்த முறை அது. மேஜைக்கு நாலைந்து பேர், 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றம். மழையில் பிறந்தது என்பதால் நீலகிரிக்குச் சரியாக வரும். எந்த மாதம் என்பதுதான் பாடு. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை, ரோட்டில் மரம் விழும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு, எங்கள் பக்கம் மண் சரியும். அதை முடித்து நிமிர்ந்தால் பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகை, படுக வீட்டுக்காரர்கள் யாரும் கிடைக்க மாட்டார்கள். பிப்ரவரி என்று நினைக்கிறேன், ஹட்டனிலிருந்து யாருக்கு பாஸ்போர்ட் இருக்கிறது என்று இன்னும் கேட்கவில்லை.

இந்த மாதக் கேள்வி ஹட்டன் முறை. வந்துவிட்டது: "நீங்கள் பொறுப்பில் இல்லாத நாளில் உங்கள் இடத்தில் யார் நிற்கிறார்கள், அவரிடம் அதைச் சொல்லியிருக்கிறீர்களா?" கெரிச்சோவுக்கும் டொரோண்டோவுக்கும் அனுப்பிவிட்டேன், பதிலும் வந்தது. கூடலூர் அக்காவுக்கு மட்டும் மூன்று நாளாக வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான், அங்கே மழையில் டவர் இல்லையாம். துண்டுச் சீட்டில் எழுதி மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊட்டி வழியாகக் கூடலூர் போகிறவர் யாராவது இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.